கொள்ளைத் தலைவனுக்கு எந்தக் கண்?

கல்லச்சுக்குப் படம் போட்டுப் பிழைக்கிறவன் இடதை வலதாகவும் வலதை இடதாகவும் கல்லில் வரைய வேண்டும். காகிதத்தில் விழும்போதுதான் அது நேராகும். இந்தத் தொழிலில் தலையைக் கொடுத்த சக பாவிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்கத்தாவில் பிள்ளைகளுக்கான ஒரு வங்காளி மாதப் பத்திரிகையில் நான் கடற்கொள்ளைச் சித்திரக்கதை போட்டுக்கொண்டிருந்தேன். முன்காலத்தில் ஆற்று வழியாகப் புகுந்து ஊர்களைச் சூறையாடிய பறங்கிக் கொள்ளையரை இங்கே ‘ஹர்மாத்’ என்பார்கள். என் கதாநாயகன் அவர்களின் தலைவன், ஒற்றைக்கண்ணன்.

போன கண்

முதல் மாதம் தலைவனின் இடக்கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. இரண்டாம் மாதம் அவசரத்தில் கல்லிலும் இடக்கண்ணிலேயே கட்டிவிட்டேன். அச்சில் வலக்கண் போயிற்று. பிரதிகளெல்லாம் வெளியூர் போன பிறகுதான் பார்த்தேன். மூன்றாம் மாதம் பழையபடி இடக்கண். முதலாளி பாபு திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்று இதழையும் மேஜைமேல் பரப்பி, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: “மாதா மாதம் கண்ணை மாற்றி வைக்கும் அந்த வைத்தியர் யாரப்பா? என் பெரியப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது.”

முகம்

கொள்ளைத் தலைவனுக்கு ஒரு கோப முகம் தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த கோபம் ஒன்றுதான். வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட்கிளார்க்காக இருந்த என் அப்பா, குழம்பில் உப்புக் குறைந்தால் இடுப்பில் கைவைத்து ஒற்றைப் புருவத்தை ஏற்றி நிற்பார். அதையே வரைந்து, தாடியும் தொப்பியும் வைத்து மறைத்துவிட்டதாக நம்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அப்பாவுக்கு வங்காளி எழுத்துத் தெரியாது, பத்திரிகையைத் தொட்டதுமில்லை. ஆனால் நாங்கள் ‘பௌதி’ என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அண்ணி, மதிலுக்கு மேலே இதழைத் தூக்கிக் காட்டினாள். “உங்கள் பாபாவுக்குத் தொப்பி நன்றாகத்தான் இருக்கிறது. வேட்டிக்குத்தான் பொருந்தாது.”

கறுத்த விரல்

கல்லில் எழுதும் மை எண்ணெய்ப் பசை. சாம்பல், புளி, சீயக்காய் எதற்கும் மசியாது. அப்பாவுக்கு என் விரல்கள் பெரிய தலைகுனிவு. நாங்கள் குடியிருந்த டாக்குரியாவில் எங்களுக்குத் தெரிந்த தமிழர் பிள்ளைகளெல்லாம் பாங்க், ஆபீஸ் என்று போக, தன் மகன் பொம்மை போடுகிறான் என்று எப்படிச் சொல்வார்? பிரஸ்ஸில் கணக்கு எழுதுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். அவர் வெட்கப்படுவதைப் பார்த்து எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கும். தங்கையைப் பெண் பார்க்கச் சாந்த்ராகாச்சியிலிருந்து ஒரு ரயில்வே குடும்பம் வருவதாகத் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார்: “விரலைக் கக்கத்துல செருகிக் கையைக் கட்டிக்கிட்டு நில்லு. மரியாதைன்னு நெனச்சுக்குவாங்க.”

பெண் பார்த்த அன்று

அப்படியே நின்றேன். “பையன் பிரஸ்ல கணக்குப் பாக்குறான்” என்றார் அப்பா. மாப்பிள்ளையின் அப்பா தலையாட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, காப்பி வரத் தாமதமாகும் வரை. அப்பா எழுந்தார். இடுப்பில் கை, ஏறிய புருவம். மாப்பிள்ளையின் அம்மா இந்த ஊரிலேயே பிறந்தவள், வங்காளியைத் தண்ணீர் பட்ட பாடாகப் படிப்பவள். புருஷன் பக்கம் சாய்ந்து அவள் ரகசியமாகச் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. “என்னங்க, நம்ம பத்திரிகையில வர்ற ஹர்மாத் தலைவர் இவருதான். ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு.”

கதவுக்குப் பின்னால் தங்கையின் வளையல் சத்தம் நின்றுவிட்டது. என்னால் அவளுக்கு வந்த வரன் போயிற்று என்றே நினைத்தேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். “யார் போடுற படம் அது?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். அப்பா என்னையே பார்த்தார். பிறகு வந்து என் கையைக் கக்கத்திலிருந்து இழுத்து, எல்லோரும் பார்க்க விரித்துப் பிடித்தார். “படம் இவன் போடுறது. கணக்குன்னு நான் சொன்னது பொய். மூஞ்சி என்னோடதுதான், அதுல பொய் இல்ல.”

அதே மாப்பிள்ளையோடு தங்கையின் கல்யாணம் அடுத்து வந்த தையிலேயே நடந்துவிட்டது. நான் கல்லில் வரைந்ததெல்லாம் இடம் வலம் மாறித்தான் விழுந்தது, அன்று கூடத்தில் பட்ட வெட்கம் மட்டும் நேராகவே என்மேல் விழுந்தது.