தகரச் சுவரில் இருந்த ஓட்டைகள்

ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் டீசல் கார், தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தைத் தாண்டும்போது தொட்டிலில் தூங்கும் பிள்ளைகள் எழுந்து அழும். அத்தனை பழசு. அந்தக் காரில் சனிக்கிழமைதோறும் எனக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. கிடைத்தது என்பதே தவறு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் மறைந்திருந்தவர்கள் சிரம்பான் டவுனுக்குப் போகும் பஸ்ஸைக் கொளுத்திய பிறகு எனக்குப் போக வேறு வழியில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, சனிக்கிழமைகளில் சிரம்பானில் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். வகுப்புக்கு ஒழுங்காக வராதவர் பெயரை அடித்துவிடுவார்கள். பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டுகிறவர் மகள் தன் காரில் ஏறுவது கிராணிக்குப் பிடிக்கவில்லை. அதைத் துரையிடம் காட்ட முடியாமல் என்னிடம் காட்டினார். என் வணக்கத்துக்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

பின்சீட்டில் அவரும் அவர் மனைவியும். முன்சீட்டில் டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில் நான். என் காலுக்கு எதிரே ஒரு தகரச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் எஞ்சின். செம்மண் தூசி படும் என்று அந்தம்மா கண்ணாடியை இறக்கவே விடமாட்டார். வகுப்பில் உட்கார்ந்த பிறகும் என் காதுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது, மம்பாவ் ஊரைத் தாண்டியதும் ரோட்டில் காவலுக்கு நின்ற சிப்பாய் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறான். எங்களுக்குக் கேட்கவில்லை. அவன் நடுரோட்டுக்கு வந்து துப்பாக்கியைத் தூக்கிய பிறகே டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்தார். துப்பாக்கி முனை என் பக்கக் கண்ணாடியில் இடித்தது. காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறோமா என்று சீட்டுக்கு அடியில்கூடத் துழாவினார்கள். கையை உயர்த்தி நின்ற கிராணி, காருக்குள் ஏறியதும் என்மேல் பாய்ந்தார்.

"இந்தப் பொண்ணு ஓயாம பேசிக்கிட்டு வந்தா டிரைவருக்கு எப்படிலா கேக்கும்?"

அன்று நான் வாயே திறக்கவில்லை. டிரைவர் அண்ணனுக்கு அது தெரியும். அவர் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினார்.

விஷயத்தைக் கேட்டு, சத்தத்தைக் குறைக்கும்படி துரை சொன்னார். தோட்டத்து ஸ்டோரிலிருந்து கிராணி புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளை எடுத்து வந்து காலடியில் விரிக்கச் செய்தார். ரப்பர் தோட்டத்தில் எல்லா நோவுக்கும் ரப்பர்தான் மருந்து. எஞ்சின் சூட்டில் ஷீட்டு இளகி என் செருப்பைப் பிடித்துக்கொண்டது. நாற்றம் தாங்காமல் அந்தம்மா வழியில் ரஹாங் கிட்டே வாந்தி எடுத்தார். சத்தம் துளிகூடக் குறையவில்லை. கிராணி துரையிடம் போய், இந்த வண்டியில் வயசுப் பெண்ணை ஏற்றி வருவது ஆபத்து, பொறுப்பை என்னால் ஏற்க முடியாது என்றார். துரையும் தலையாட்டிவிட்டார். அடுத்த சனிக்கிழமை கார் போனது, நான் வேலிக்குள் நின்றேன்.

அழவில்லை. கார் திரும்பி வந்ததும், சத்தம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கக் கொட்டகைக்குப் போனேன். கிராணிக்குத் தெரிந்தால் தன் சோறு போய்விடும் என்று டிரைவர் அண்ணன் பயந்தார். எல்லாம் நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். கொட்டகைக் கதவைச் சாத்தி, எஞ்சின் பக்கமிருந்து டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு, முன்சீட்டின் காலடியில் குனிந்து பார்த்தேன். தகரச் சுவரில் இத்தனை ஓட்டையா? பெடல் நுழையும் இடம், ஸ்டியரிங் தண்டு, ஒயர்கள், எல்லாவற்றையும் சுற்றி வெளிச்சம் வந்தது. வெளிச்சம் வருகிற வழியில் சத்தமும் வரும். பழைய லாரி டியூபை வெட்டி ஒவ்வொரு ஓட்டையிலும் இறுக்கினேன். அம்மாவின் கிழிந்த கம்பளியை மடித்துக் கார்த் தரையில் கிடந்த பாய்க்கு அடியில் பரப்பினேன். ஷீட்டுகளைச் சுரண்டி எடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

போய்ச் சொன்னதும், துரையே காரில் ஒரு சுற்று உட்கார்ந்து பார்த்து, நான் போகலாம் என்றார்.

அந்தச் சனிக்கிழமை எஞ்சின் இருந்தது, ஆனால் எட்டத்தில் இருந்தது. சத்தத்தின் மறைவில் பேசிப் பழகிய கிராணி, பழக்கம் மாறாமல் மனைவியிடம் சொன்னார்.

"வெளிக்காட்டுல மரம் வெட்டுற ஆளு மவளுக்கு டீச்சர் வேல கேக்குது. இவ பாஸாகி வந்தா நம்ம புள்ளைங்க இவளுக்கு எந்திரிச்சு நிக்கணுமாம்."

"நல்லாக் கேக்குதுங்கய்யா," என்றேன், திரும்பாமல்.

கார் மம்பாவ் வந்தது. அங்கே காவலன் போட்ட ஒற்றைக் குரல் எல்லோர் காதிலும் விழுந்தது.

அடுத்த வாரம் ஓட்டைகளில் அடைப்பு இல்லை. யார் பிடுங்கியது என்று டிரைவர் அண்ணனைக் கேட்கவில்லை. பாவம், அவர் என்ன சொல்வார். பையில் டியூபும் கத்திரியும் வைத்திருந்தேன். கிராணி வேட்டியைப் பிடித்தபடி வெயிலில் நிற்க, குனிந்து ஒவ்வொன்றாக அடைத்தேன்.

"நேரமாவுதுலா," என்றார்.

"ஆகட்டும்ங்கய்யா. ஓட்டையெல்லாம் அடச்சாச்சுன்னு துரைகிட்ட சொல்லியிருக்கேன். தொறந்து கெடந்தா ஒங்களத்தான் கேப்பாரு."

பயிற்சி முடியும்வரை அவர் பிடுங்குவதும் நான் அடைப்பதுமாகப் போனது. எனக்குக் கேட்டுவிடும் என்று அந்தக் காருக்குள் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு சனிக்கிழமையைத் தவிர வேறு வகுப்பு எதுவும் எனக்குத் தவறவில்லை.

கடைசிச் சனிக்கிழமை அவர் பிடுங்கவில்லை. இனி நான் ஏறமாட்டேன் என்ற நிம்மதி அவருக்கு. தோட்டத்துக் கேட்டுக்குள் கார் நின்றதும் குனிந்து, டியூப் துண்டுகள் எல்லாவற்றையும் நானே பிடுங்கினேன். பாய்க்கு அடியிலிருந்த அம்மாவின் கம்பளியையும் உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன்.

கார் புறப்பட்டது. லயத்தில் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். பின்சீட்டில் அந்தம்மா ஏதோ கேட்க, கிராணி கேட்காமல் காதருகே கையைக் குவித்துக்கொண்டு அவர் பக்கம் சாய்வது தெரிந்தது.