பாடமாக்கி வாசித்த பிள்ளை

என் மகளுக்கு வாசிக்க வராது என்பது அவள் மூன்றாம் ஆண்டில் படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாலை நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் வாசல் பக்கம் பாயில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு குடும்பம் சந்தைக்குப் போகும் பாடம். காய்கறிக்காரர் பேசும் இடத்தில் குரலைத் தடிப்பாக்கி, அம்மா பேசும் இடத்தில் மெதுவாக்கி, கேட்க அவ்வளவு அழகாக இருந்தது. பால் பிழியத் துணி எடுக்கப் போனவள் தற்செயலாகக் குனிந்து பார்த்தேன். விரிந்திருந்த பக்கத்தில் ஒரு பையன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். சந்தை இரண்டு பாடம் தள்ளி இருந்தது.

நான் டீச்சர். மாத்தளை டவுனிலிருந்து தினமும் காலை பஸ் ஏறி, இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலைக்குப் போய், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவள். வாசிப்பது எது, பாடமாக்கி ஒப்பிப்பது எது என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா?

அன்று நான் செய்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. புத்தகத்தை வாங்கிச் சரியான பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் விரலைப் பிடித்து முதல் சொல்லின் கீழே வைத்தேன். "சொல்லச் சொல்ல வெரல நகத்தணும். வரி முடிஞ்சா கீழ எறங்கணும். அப்பதான் பாக்கிறவங்களுக்கு வாசிக்கிற மாதிரி இருக்கும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். இரண்டே நாளில் அதையும் பழகிக்கொண்டாள்.

அப்படித்தான் தொடங்கியது. புதுப் பாடம் எது வந்தாலும் பின்னேரம் நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். மூன்று நான்கு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வாள். சொல்வதெழுதுதலுக்கு எந்தச் சொற்கள் வரும் என்று ஒரு டீச்சராக ஊகித்து, அவற்றைப் படம் வரைவது போல வரையப் பழக்கினேன். ஊகம் தப்பிய நாட்களில் கொப்பி சிவப்பாக வரும். 'மரம்' என்று எழுதச் சொன்னால் 'மாம்' என்று எழுதுவாள். ரகரமும் காலும் அவள் கண்ணுக்கு ஒன்றுதான். கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. ஒரு நாள் ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் நான்கு விதமாக எழுதியிருந்தாள். கோடு போடும் அடிமட்டத்தால் புறங்கையில் அடித்தேன். அழவில்லை. "எது சரி அம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் மிளகு, கராம்பு வாங்கி விற்பவர். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். "நீதான் டீச்சர், நீயே பாத்துக்க" என்பார். நானும் பார்த்துக்கொண்டேன். டீச்சரின் மகளுக்கு எழுத்துத் தெரியாது என்று ஊர் பேசக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் முக்கியமாக இருந்தது.

அதே வருடம் என் வகுப்பிலும் ஒரு பிள்ளை இருந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து வருகிறவள். எப்போதும் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. பாட்டை ஒரு முறை கேட்டால் பாடிவிடுவாள். நான் வரவு இடாப்புக் கூப்பிடும் வரிசையிலேயே வகுப்பில் எல்லாருடைய பெயரையும் மனதிலிருந்து சொல்லிச் சிரிக்க வைப்பாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் வாய் மூடிக்கொள்ளும். கொப்பியில் 'மாம்' இருந்தது. கொம்பில்லாத எழுத்துகள் இருந்தன. எல்லாம் நான் வீட்டில் தினமும் பார்க்கிறவை.

எனக்குப் பொறி தட்டவில்லை என்று சொன்னால் அது பொய். தட்டியது. ஆனால் அந்த நினைப்பை நான் பக்கத்தில் வரவிடவில்லை. இவளுக்கு இருப்பதுதான் என் மகளுக்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும் அல்லவா. ஆகவே என் மகளுடையது கொஞ்சம் கவனக்குறைவு என்றும், இவளுடையது மந்தம் என்றும் எனக்குள்ளேயே பிரித்துக்கொண்டேன். அவளை ஜன்னலோரம் கடைசி மேசைக்கு அனுப்பினேன். கரும்பலகை துடைக்க, சோக் எடுத்துவர, பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்ற அவளைத்தான் கூப்பிடுவேன். சந்தோஷமாக ஓடிப்போய்ச் செய்வாள். தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து, "இன்னும் என்ன டீச்சர் செய்யணும்?" என்று கேட்டபடி நிற்பாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா வந்திருந்தார். கொழுந்து எடுக்கிற வேலை. அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு, நல்ல சேலை உடுத்தி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்ததும் எழுந்து நின்றுகொண்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"புள்ள எப்புடிங்க டீச்சர்?"

"நல்ல புள்ளதான். ஆனா படிப்பு அவ மண்டையில ஏறாது. நீங்களும் அவளப் போட்டு வதைக்காதீங்க. வீட்டு வேலையாவது பழக்குங்க, பின்னாடி ஒதவும்" என்றேன். அன்பாகச் சொன்னதாகத்தான் அப்போது எனக்குத் தோன்றியது.

"சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

அது நடந்து சில வாரங்களில் டவுன் பாடசாலையில் என் மகளின் வகுப்பு டீச்சர் என்னை வரச் சொன்னார். சின்ன வயது. வேலைக்கு வந்து அதிக காலம் இல்லை. பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, வெறும் வகுப்பில் எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"டீச்சர், இன்னிக்கு மகள்கிட்ட ஒவ்வொரு வரியிலயும் கடைசிச் சொல்ல மட்டும் வாசிக்கச் சொன்னேன். பாடத்த மொதல்ல இருந்து சொல்லத் தொடங்கிட்டா. நிப்பாட்டினேன். திரும்பவும் மொதல்ல இருந்து. அப்புறம் அழுதுட்டா. கெட்டிக்காரப் புள்ள டீச்சர், அவ ஞாபகசக்திய நான் வேற யார்கிட்டயும் பாத்ததில்ல. ஆனா எழுத்துல ஏதோ சிக்கல் இருக்கு. கண்டியில இதுக்குன்னு பாக்கிற டொக்டர்மார் இருக்காங்க. ஒருக்கா கொண்டுபோய்க் காட்டலாமே. நீங்களும் டீச்சர்தானே, ஒங்களுக்கே வெளங்கும்."

அந்தக் கடைசி வரிதான் என்னைச் சுட்டது. "நீங்க வேலைக்கு வந்து எத்தன வருஷம்?" என்று கேட்டேன். "எம்புள்ளைக்கு ஏதோ வருத்தம், நோய்னு சொல்ல ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" என்று சத்தம் போட்டுவிட்டு நேரே பாடசாலை அதிபரிடம் போனேன். இந்த டீச்சர் என் பிள்ளையை வகுப்பின் முன்னால் அவமானப்படுத்துகிறார் என்று முறையிட்டேன். நானும் ஒரு டீச்சர், நான் சொன்னால் அதிபர் நம்பாமல் இருப்பாரா? மறுவாரமே மகளைப் பக்கத்து வகுப்புக்கு மாற்றினார்கள். அந்த இளம் டீச்சரைக் கூப்பிட்டுக் கண்டித்ததாகவும் கேள்விப்பட்டேன். அன்று எனக்கு அது திருப்தியாக இருந்தது.

புதிய வகுப்பில் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர்களும் சொல்லவில்லை. என்னிடம் எதையாவது சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு வருடம் அப்படியே போனது. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க மகளுக்குக் காலையில் வயிற்றுவலி வரத் தொடங்கியது. பிறகு வாந்தி. பரீட்சைத் தாளில் வருகிற கேள்விகளை எப்படிப் பாடமாக்குவது? அவளால் முடியவில்லை. ஒரு காலை சீருடை போட்டுக்கொண்டு சப்பாத்துப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

நான் அவளுடைய சப்பாத்துகளை எடுத்து அவள் காலடியில் வைத்தேன்.

"அப்புறம் ஏன் தெரியாத மாதிரியே இருக்கீங்க?"

அன்று நாங்கள் இருவருமே பாடசாலைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் அவளைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம்தான் தெரியும். ஆகவே கேள்விகளை நான் தமிழில் மகளுக்குச் சொல்ல வேண்டும், பதிலைச் சிங்களத்தில் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். சில தமிழ்ப் பட அட்டைகளைக் காட்டி, ஒரே மாதிரியான ஒலியில் தொடங்கும் சொற்கள் எவை என்று கேட்டார். மகள் தடுமாறினாள். நான் மொழிபெயர்க்கும்போதே சரியான சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்ததிலும் அப்படியே. டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"டீச்சர், இவ்வளவு நாளும் நீங்க உதவி செஞ்சது போதும். இங்கயாவது பிள்ளை பிழையாச் சொல்லட்டும்" என்று சிங்களத்தில் சொன்னார். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கடைசியில் அவர் விளக்கினார். இது டிஸ்லெக்சியா. அறிவில் எந்தக் குறையும் இல்லை. இப்படியான பிள்ளைகளில் சிலர் காதால் கேட்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு, கதை, பெயர் வரிசை எல்லாம் ஒரு தடவையில் வந்துவிடும். எழுத்தும் ஒலியும் சேரும் இடத்தில்தான் தடங்கல். வேறு விதமாக, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் வாசிப்பார்கள், மெதுவாகவாவது. எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு நல்லது.

மாத்தளை பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளுக்கு மண்டையில் கோளாறு இல்லை என்ற ஆறுதலில் எனக்குக் கண்ணீர் வந்தது. அதே நேரம் 'பெயர் வரிசை' என்ற சொல் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. இடாப்பை மனதிலிருந்து சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தவளை நான் பூவுக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பியிருந்தேன்.

அந்த லயத்துக்கு ஏறிப்போக எனக்கு இன்னும் பல மாதங்கள் பிடித்தன. பரீட்சை வேலை, மழை, மகளுக்குத் தொடங்கிய வாசிப்பு வகுப்புகள் என்று காரணம் தேடிக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். அவளுடைய அம்மா என்னைக் கண்டதும் பதறி உள்ளே ஓடிக் கதிரையைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டார். பிள்ளை வளர்ந்திருந்தாள். முற்றத்தில் கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய பாடசாலையில் பெயர் இருக்கிறதாம், எப்போதாவதுதான் போகிறாளாம்.

"நீங்க அப்பவே சொன்னீங்களே டீச்சர்" என்றார் அம்மா, பெருமையாகவே. "அதான் நா வதைக்கல. சோறு கறி எல்லாம் அவதான். நீங்க சொன்ன மாதிரியே வீட்டு வேல நல்லாப் பழகிட்டா."

நான் தயார் செய்துகொண்டு போயிருந்த பேச்செல்லாம் மறந்துபோனது. எப்படியோ சொன்னேன். "நா சொன்னது பிழை. அவளுக்கு மண்டையில ஏறாதுன்னு இல்ல. எனக்குத்தான் சொல்லிக் குடுக்கத் தெரியல. எம்மகளுக்கும் இதே பிரச்சினதான். அது தெரிஞ்சிருந்தும் ஒங்ககிட்ட அப்படிச் சொன்னேன்."

அவர் புரியாமல் பார்த்தார். "அப்ப இவளுக்கு ஏறுமா?"

"ஏறும். மெதுவா ஏறும்."

அவர் முகம் மெல்ல மாறியது. முற்றத்தில் நின்ற பிள்ளையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "அத அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமைகளில் பாடசாலைக்கு அனுப்பச் சொன்னேன், நான் தனியே சொல்லித் தருகிறேன் என்றேன். சில வாரங்கள் வந்தாள். தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுத்து எழுத வைத்தேன். ஒலியைச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தேன். என் மகளோடு சேர்ந்து நான் புதிதாகப் படித்த முறைதான் அது. சின்னச் சொற்கள் வர ஆரம்பித்தன. ஒரு நாள் அரிசியில் 'மரம்' என்று சரியாக எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்புடி அப்ப சொல்லித் தரலையே டீச்சர்?" என்று கேட்டாள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, வெறும் கேள்விதான். நான் அரிசியைக் கலைத்து அடுத்த சொல்லைச் சொன்னேன்.

பிறகு அவள் வரவில்லை. தேடிப் போனபோது, "வெக்கமா இருக்கு டீச்சர். சின்னப் புள்ளைங்க படிக்கிற மேசையில நா ஒக்காந்திருக்கிறத வழியில போறவங்க எல்லாம் பாக்கிறாங்க" என்றாள்.

என் மகள் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறவில்லை. இப்போது பெரிய வகுப்பில் இருக்கிறாள். வரிக்கு வரி நின்று நின்று வாசிக்கிறாள். சில நாள் கோபத்தில் புத்தகத்தை எறிகிறாள். விரலை வைக்காமலே வாசிக்கிறாள், வைக்கச் சொன்னாலும் வைக்கமாட்டாள். அந்த இளம் டீச்சர் மாற்றலாகிப் பல்லேபொலப் பக்கம் போய்விட்டார். ஒரு முறை மாத்தளை பஸ் நிலையத்தில் எதிரே வந்தார். "மகள் எப்படி டீச்சர்?" என்று அவர்தான் முதலில் கேட்டார். "வாசிக்கிறா. நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். அதிபரிடம் நான் போனதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேச வேண்டியவள் நான்தான். இன்னும் பேசவில்லை.

சனிக்கிழமைகளில் இப்போது நானே லயத்துக்கு ஏறுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காமல், அந்தப் பிள்ளையும் நானும் உள்ளே உட்கார்ந்து படிக்கிறோம். சில வாரம் அவள் இருப்பாள். சில வாரம் விறகுக்குப் போயிருப்பாள், அல்லது என் குடையைப் பாதை வளைவிலேயே கண்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நழுவியிருப்பாள். அவள் இல்லாத நாட்களில் அவளுடைய அம்மாவோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் வருவேன் என்று சொல்லி இறங்குகிறேன்.