கிருமியின் வீட்டுப் பெயர்

மலேரியா பரவியிருந்த அந்த நாட்களில், இணுவிலில் அதற்கு இரத்தம் குத்திப் பார்க்கும் இடத்தில், ஒருவர் என் பக்கத்தில் அதே நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். உச்சி வெயிலிலும் கம்பளிச் சட்டை. நடுக்கத்தில் வாங்கு ஆடும்போதெல்லாம், "குறை நினையாதேங்கோ" என்பார். பல்கலைக்கழகத்தில் அந்த மலேரியாக் கிருமியைத்தான் ஆராய்கிறாராம்.

மடியில் கிடந்த என் மகளுக்குத் திரும்பவும் காய்ச்சல். "போலியோவுக்குச் சொட்டு மருந்து இருக்கு. உதுக்கு மட்டும் ஏன் தடுப்பூசி இல்லை, சேர்?" என்று எரிந்து விழுந்தேன்.

அப்போது நேர்ஸ், "சிவதர்சினி!" என்று கூப்பிட்டார். ஒருவரும் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டபோதுதான் அது என் மகள் என்று எனக்கு உறைத்தது. வீட்டில் அவள் பபா. நேர்சுக்குக் கையை உயர்த்திக் காட்டினேன்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "பாத்தியளே, உதுதான் சங்கதி. ஊசி போட்டாலும் அது உடம்புக்கு ஒரு பெயரைத்தான் சொல்லிக்குடுக்கும். இந்தக் கிருமியின்ரை பரம்பரை அணுவிலையே எத்தினையோ பெயர் எழுதிக்கிடக்கு, மாத்தி மாத்தி வைச்சுக்கொள்ளும். உடம்பு சிவதர்சினியைப் பாத்துக்கொண்டிருக்க, பபா உள்ளுக்கை வந்திடுவா."

"அப்ப எங்கடை பிள்ளையளுக்கு வழியே இல்லையோ?"

"எல்லாப் பெயருக்கும் பொதுவாய் ஒரு அடையாளம் இருக்கவேணும். தேடுறம், இன்னும் பிடிபடேல்லை."

மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"குறை நினையாதேங்கோ" என்றார்.

அப்போது வாங்கு ஆடவேயில்லை.