ஐந்து பேர் நிற்க வேண்டிய படம்

2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பதினேழு நிமிடம். எங்கள் மலையூரான ரிங்லெட்டில் இலேசான தூறல். எங்கள் அடுக்குமாடி வீட்டின் சன்னலிலிருந்து எதிர்மலை பாதிதான் தெரிந்தது. ஒன்பது மணிக்குக் கிளம்புவதாக முடிவாகியிருந்தது. முடிவு செய்தவன் நான் என்பதால் அது யாரையும் கட்டுப்படுத்தவில்லை.

கிளம்ப வேண்டியவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, கிள்ளானிலிருந்து முந்தின நாள் வந்திருந்த மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி. போக வேண்டிய இடம், நான் முப்பத்து மூன்று வருடம் கிராணியாக உட்கார்ந்து ஆள் கணக்கும் கொழுந்து எடையும் எழுதிய தேயிலைத் தோட்டம். செய்ய வேண்டிய வேலை, தேயிலைக்கு நடுவே குடும்பமாக நின்று ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்வது. கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் இதை நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு ஸ்ட்ராபெரி வாங்கப் போய்விடுகிறார்கள். நாங்கள் இந்த மலையிலேயே பிறந்தவர்கள். எனவே எனக்கு இதற்கு எழுபத்து நான்கு வருடம் பிடித்தது.

படத்துக்கான அவசரம் ஜூலை மாதம் தொடங்கியது. எங்களுக்குக் கீழ் மாடியில் இருந்தவர், தோட்டத்துத் தேயிலை ஆலையில் வேலை பார்த்தவர், திடீரென்று காலமாகிவிட்டார். மாலை போட ஒரு படம் தேடினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் அவருடைய அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். மிகவும் சாதுவான மனிதர். அந்தப் படத்தில், போலீஸ் இரண்டு வருடமாகத் தேடி முந்தின நாள் பிடித்த ஆள் போல இருந்தார். துக்கத்துக்கு வந்த இரண்டு பேர் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்க் கதவு எண்ணைப் பார்த்ததை நானே கண்டேன்.

கருமாதி முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அலமாரியிலிருந்து ஆல்பங்களை எல்லாம் இறக்கினாள். பதினொரு ஆல்பம், ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு படம். எண்ணியது நான், அவள் தேடினாள். என் முகம் இருந்தவை நான்கு. ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறேன். ஒன்றில் யாரோ ஒருவருடைய தொப்பி என் மூக்கை மறைக்கிறது. மற்ற இரண்டும் முதுகிலிருந்து பாதி திரும்பியவை. குற்றம் படம் எடுத்தவர்களுடையது அல்ல. வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் நான் எங்காவது எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். மகன் தாலி கட்டிய நேரத்தில் நான் எங்கிருந்தேன் என்று கேட்டால் துல்லியமாகச் சொல்ல முடியும். மண்டபத்தின் பின்பக்கம், வாடகைக்கு வந்த நானூறு நாற்காலியில் மூன்று குறைகிறது என்று லோரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"கீழ் வீட்டு அக்கா நெலம எனக்கு வரக் கூடாதுங்க," என்றாள் என் மனைவி. "ஐசி படத்துக்கு மால போட்டு அது முன்னால உக்காந்து என்னால அழ முடியாது. சிரிப்பு வந்துரும்."

"நான்தான் முந்திப் போவேன்னு எப்படி முடிவு பண்ணுன?"

"எல்லா எடத்துக்கும் ஒரு மணி நேரம் முந்திப் போய் நிக்கிற ஆளு நீங்கதான?"

பதில் இல்லாத கேள்விகளை அவள் கேட்பதில்லை. பதில் தன் பக்கம் இருந்தால் மட்டுமே கேட்பாள். மகனும் அவன் குடும்பமும் மலைக்கு வருவது வருடத்துக்கு இரண்டு தடவை. அந்த ஞாயிறு ஒன்று. அன்றைக்கும் மதியம் இரண்டு மணிக்குள் இறங்கினால்தான் தாப்பா போகும் பாதையில் மாட்டாமல் தப்பலாம் என்றான். மதியம் ஒரு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆக எங்கள் கையில் இருந்தது கொஞ்ச நேரம்தான். அதில் இருபத்து மூன்று நிமிடம் மருமகளின் முகப்பூச்சுக்குப் போனது. ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பினோம்.

எட்டுக் கிலோமீட்டர் தூரம். நீண்ட விடுமுறை வாரம் என்பதால் தீபகற்பத்தில் கார் வைத்திருந்த அனைவரும் எங்களுக்கு முன்னால் நின்றார்கள். ஒரு வளைவில் அறுபத்தொரு கார் எண்ணினேன்.

"பா, சும்மா வாங்கப்பா," என்றான் மகன். "எண்ணுனா ஜாம் கொறையுமா?"

"கொறையுதா இல்லையான்னு தெரியணும்னா எண்ணித்தான ஆகணும்?"

"இதுக்குத்தான் லா நான் கிள்ளான்ல வீடு வாங்குனேன்," என்று அவன் தன் மனைவியிடம் சொன்னான். என் காது நன்றாகவே கேட்கும் என்பது இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

பதினொரு மணி இரண்டு நிமிடத்துக்குத் தோட்டத்து வாசலை அடைந்தோம். அங்கே காவலுக்கு நின்றவர் ஒரு நேப்பாளி இளைஞர். கழுத்தில் விசில், கையில் சீட்டுப் புத்தகம். காடி நிறுத்தப் பத்து ரிங்கிட் என்றார். நான் சன்னலை இறக்கி, இந்த வாசல் வழியாக முப்பத்து மூன்று வருடம் வேலைக்கு வந்த கிராணி நான் என்று மலாயில் விளக்கினேன். மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். முடிந்ததும், அதே மரியாதையோடு, பத்து ரிங்கிட் என்றார். கொடுத்தேன்.

என் மனைவி ஏழாம் நம்பர் மலைக்குத்தான் போக வேண்டும் என்றாள். அவள் கொழுந்து எடுத்த மலை அது. கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருடம், பிறகு இருபத்திரண்டு வருடம். கிராணி மனைவி கூடை சுமப்பது மரியாதை இல்லை என்று அந்தக் காலத்தில் பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சம்பளம் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. மரியாதைக்கு அவரிடம் காசு இருந்தது. என் மனைவி கூடையை இறக்கவில்லை.

அன்றைக்கு அவள் அரக்குப் பட்டுச் சேலையும், ஏற்றத்துக்காக மகனுடைய பழைய காலணியும் அணிந்திருந்தாள். நிரைகளுக்கு நடுவே ஐந்து பேரும் வரிசையாக நின்றோம். ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு சீன அம்மாள் மகனுடைய கைப்பேசியை வாங்கிக்கொண்டு எங்களுக்கு எதிரே நின்று, சத்து, டுவா, தீகா என்று மூன்றுவரை எண்ணி எடுத்தார்.

படத்தைப் பார்த்தோம். மகன் சிரிக்கிறான், மருமகள் சிரிக்கிறாள், பேத்திக்கு முன்பல் இல்லாததால் அதிகமாகவே சிரிக்கிறாள். என் மனைவியின் தலை உச்சி தெரிகிறது. அவள் குனிந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"மா, கேமராவப் பாரும்மா."

"பாத்துக்கிட்டுத்தான்டா இருந்தேன்."

இரண்டாவது படம், மூன்றாவது படம், ஆறாவது படம். முகம் ஒரு தடவை நிமிர்ந்தால் கை புதருக்குள் இருக்கிறது. கை வெளியே வந்தால் முகம் அடுத்த தளிரைத் தேடுகிறது. முப்பத்தொரு வருடம் தேயிலைக்கு முன்னால் நின்ற உடம்பு, சும்மா நிற்க அங்கே கூப்பிட்டு வரப்பட்டிருக்கிறது என்பதை நம்ப மறுத்தது. கிள்ளிய கொழுந்தெல்லாம் கைப்பைக்குள் போய்க்கொண்டிருந்தது. நல்ல சேலை, நல்ல கைப்பை, அதற்குள் பச்சை இலை.

"பாட்டி, கைய வச்சிகிட்டுச் சும்மா நில்லுங்க லா," என்றாள் பேத்தி.

"கை சும்மாதான்டி இருக்கு."

அவளைக் குறைசொல்ல எனக்கு நிறைய இருந்தது. ஒன்பதாவது படத்தில் மருமகள் என் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "மாமா, நீங்க யாரக் காட்டுறீங்க?"

என் வலது சுட்டுவிரல் நீண்டிருந்தது. முந்தின எட்டிலும் நீண்டிருந்ததாம். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணி விரலை நீட்டித் தலை எண்ணிப் பேர் போடுவான். முப்பத்து மூன்று வருடம் அதைச் செய்திருக்கிறேன். மனிதர்கள் வரிசையாக நின்றால் என் விரல் என்னைக் கேட்பதில்லை.

"அஞ்சு பேருதான தாத்தா? அதுக்கு எதுக்கு எண்ணுறீங்க?"

"எண்ணாம அஞ்சுன்னு எப்படித் தெரியும்?"

மருமகள் என்னைக் கைகட்டி நிற்கச் சொன்னாள். நின்றேன். அடுத்த படங்களில் வாய் முணுமுணுக்கிறது. மகன் தன் அம்மாவின் ஒரு கையில் கைப்பையையும் மறு கையில் பேத்தியின் கையையும் கொடுத்தான். பத்தொன்பதாவது படத்தில் பாட்டியும் பேத்தியுமாகச் சேர்ந்து கிள்ளுகிறார்கள். ஈப்போ அம்மாள் அதற்குள் விடைபெற்றுவிட்டார். ஷா ஆலாமிலிருந்து வந்த ஒரு மலாய் வாலிபன் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். நல்ல பிள்ளை. அவனும் ஒரு கட்டத்தில் தன் நண்பர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதைக் கவனித்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் பனி இறங்கியது. முதலில் எதிர்க்குன்று போனது, பிறகு பார்வையாளர் கடை, பிறகு காடிகள் நின்ற இடம். என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அப்போது மட்டும் அவள் கை நின்றது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பனியிடம் சொன்னது போலிருந்தது. எனக்கு அந்தக் கீழ் வீட்டுப் படம் நினைவுக்கு வந்தது. விரலை மடக்கி முந்தானைக்குள் ஒளித்துக்கொள்ள ஆண்களுக்கு முந்தானை இல்லை. சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மலாய்ப் பையன் ஒன்று என்றான். அவளுடைய கை மறுபடி புதருக்குள் போனது. இரண்டு என்பதற்குள் விசில் சத்தம். வாசலில் நின்ற அதே நேப்பாளி ஓடிவந்தார். கொழுந்து பறிக்கக் கூடாது, அதோ பலகை, என்றார்.

"அவன் சொல்றது சரிதான்," என்றேன் நான். உண்மை பேசும் பழக்கம் எனக்கு எப்போதும் தவறான நேரத்தில் வரும். "அந்த நோட்டீச நாந்தான் டைப் அடிச்சேன்."

"நீங்க அடிச்சிருப்பீங்க," என்றாள் என் மனைவி. பிறகு நேப்பாளியின் பக்கம் திரும்பிக் கைப்பையை அகலத் திறந்து காட்டினாள். "இந்தா பாரு தம்பி. ரெண்டு இல, ஒரு குருத்து. ஒரு முத்தல் இருக்கா பாரு. இது கை. அங்க மிசின் வெட்டிருக்கிறதப் பாரு, மாடு மேஞ்ச மாதிரி. விசில அங்க போய் ஊது."

அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் திறந்த பையைக் காட்டினால் எந்தக் காவலாளியும் குனிந்து பார்ப்பான். அவரும் குனிந்து பார்த்தார். ஒரு கொழுந்தை எடுத்து முகர்ந்தார். பிறகு தலையை ஆட்டினார். எச்சரிக்கையா பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மலாய்ப் பையன் மூன்று என்றது அந்த நேரத்தில்தான். அதற்கப்புறம் பனி எங்கள் ஐந்து பேரையும் எடுத்துக்கொண்டது.

இரண்டு பத்துக்கு மகன் குடும்பம் இறங்கிப் போனது. போகும் வழியில் எங்கோ நின்று, எடுத்த நாற்பத்தொரு படத்தையும் அனுப்பிவைத்தான். முதல் நாற்பதை நான் தரம் பிரித்தேன். அவளால் கெட்டவை இருபத்தாறு, என்னால் கெட்டவை இருபத்திரண்டு, அவற்றுள் இருவராலும் சேர்ந்து கெட்டவை ஒன்பது. மீதம் ஒன்றில் மருமகள் தும்முகிறாள். நான் இதைச் சொன்னபோது என் மனைவி கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். அதற்குப் பதினாறு நிமிடம் ஆனது. அடுத்த விடுமுறைக்குள் நமக்கு எதுவும் ஆகிவிடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை என்பதால் சொல்லவில்லை.

"இது," என்று கைப்பேசியை நீட்டினாள். நாற்பத்தொன்றாவது படம்.

அதில் அவள் பையைத் திறந்துபிடித்துக்கொண்டு திட்டுகிறாள். நேப்பாளி மூக்கருகே கொழுந்தை வைத்திருக்கிறார். மகன் தலையில் கை வைத்திருக்கிறான். மருமகள் இருபத்து மூன்று நிமிட முகப்பூச்சும் கலையச் சிரிக்கிறாள். பேத்தி புதருக்குள் கை விட்டிருக்கிறாள். சட்டைப்பையிலிருந்து எப்போது வெளியே வந்ததோ, என் விரல் நேப்பாளியை நோக்கி நீண்டிருக்கிறது. வாய் "ஆறு" என்கிறது. ஆனால் முகம் முழுசாக, கண் திறந்து, தெளிவாக இருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று அவள் சொன்னாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

"ஒழுங்கா நிக்கிற மாதிரி ஒண்ணு கூடவா இல்ல?" என்றேன்.

"ஒழுங்கா நிக்கிறது உங்க ஐசியில இருக்குங்க."

மறுவாரம் பஸ் ஏறித் தானா ராத்தாவில் சட்டம் போடும் கடைக்குப் போனோம். பதினைந்து ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தால் நேப்பாளியை இருந்த சுவடு தெரியாமல் அழித்துவிடலாம் என்றார் கடைக்காரர். ஐந்து பேர் நிற்க வேண்டிய படம் என்று நான் சொன்னேன்.

"பெரட்டுல ஒரு ஆள் கூட நின்னா என்னா இப்ப?" என்றாள் என் மனைவி. "மொத மொதல்ல என் கொழுந்த நல்லாருக்குன்னு தலையாட்டுன ஆளு. நீங்க எட போட்டப்ப என்னைக்காவது சொன்னீங்களா?"

சொன்னதில்லை. ஈரத்துக்குப் பத்து சதவீதம் கழித்திருக்கிறேன், அதுவும் சொந்தப் பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் பேசிவிடக் கூடாதென்று முதல் ஆளாக அவளுக்கு. படம் எடுத்த ஞாயிறு அவள் கைப்பையிலிருந்ததை வீட்டுத் தராசில் போட்டபோதும் கழித்தேன். நூற்றெண்பது கிராம். அவள் பார்த்த பார்வையில் பதினெட்டையும் திரும்பச் சேர்த்தேன். அந்தக் கொழுந்தை அவள் சட்டியில் வறுத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். குடிக்க முடியாத கசப்பு. இரண்டு கோப்பை குடித்தேன். நல்லாருக்கு என்றேன். இந்த வயதில் புளுகக் கற்றுக்கொள்வது சிரமம்.

படம் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. கீழ் வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். கணவர் போனபின் அவர் சிரித்து நான் பார்ப்பது அது முதல் தடவை. வேறொரு காரியத்துக்குத் தேவைப்படும்போது என்னை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார்களாம், என் மனைவி கடைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறாள். விரலும் சேர்ந்துதான் வருமாம். கருமாதிக்கு வருகிறவர்களைச் சுவரிலிருந்தே எண்ணிக்கொண்டிருப்பேன். நாற்காலி குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே.

காடி நிறுத்தப் பத்து ரிங்கிட், பேத்திக்கு ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் எட்டு, இரண்டு பேர் பஸ்ஸில் போய்வரப் பதினாறு, சட்டத்தோடு படம் தொண்ணூற்றைந்து. ஆணி ஒன்றுதான் தேவை, பொட்டலமாகத்தான் விற்பார்களாம், அது மூன்று ஐம்பது. ஆறாவது ஆளுக்குக் கொடுக்கவென்று அவள் கேட்டு வாங்கிய சின்னப் பிரதி ஐந்து. ஆக மொத்தம் நூற்று முப்பத்தேழு ரிங்கிட் ஐம்பது சென்.