கல்யாண மண்டபத்தில் ஒரு பனிக்கரடி

நான் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை. கல்முனைப் பக்கம் எந்த வெளியூர்க்காரருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டாலும் என்னைத்தான் தேடுவார்கள். சில வருஷங்களுக்கு முன்பு கொழும்பிலிருந்து ஒரு சுற்றாடல் நிறுவனத்தின் இணைப்பாளர் போன் எடுத்தார். துருவப் பனி உருகுவது பற்றிக் கரையோர மக்களுக்கு ஒரு நாள் செயலமர்வு. வளவாளர், அதாவது விளக்கவுரை செய்ய வருகிறவர், ஆங்கிலத்தில் பேசுவார், நான் தமிழில் சொல்ல வேண்டும். கேட்க வருகிறவர்கள் மீனவர்களும் கருவாடு போடும் பெண்களும்.

"உங்கட பேரையும் பதாகையில போடுறம் டீச்சர்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சம்மதித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிப் பலரை ஏளனம் செய்யப் போகிறேன். அந்த வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பதுதான் முறை.

வெக்கையைக் கொண்டுவரும் கச்சான் காற்று அடிக்கிற காலம். காலையிலேயே தெருத் தார் செருப்பில் ஒட்டியது. கல்யாண மண்டபத்துக்குள்ளே நேர்மாறு. ஏசியை எவ்வளவு கூட்டலாமோ அவ்வளவு கூட்டி வைத்திருந்தார்கள். விடியற்காலையிலிருந்து மீன் கீறிவிட்டு வந்த பெண்கள் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். பூமி சூடாவதைப் பற்றிப் பேசுவதற்கு இப்படி ஒரு ஏற்பாடு. மேடையில் ரெஜிபோம் என்கிற தெர்மோகோலில் வெட்டிய பனிமலை ஒன்று நின்றது. எங்கள் கடற்கரையில் ஒவ்வொரு நாளும் கரையொதுங்கும் அதே ரெஜிபோம்தான், நீலச் சாயம் மட்டும் புதிது. ஒவ்வொரு கதிரைக்கும் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்.

வாசலில் பனிக்கரடி நின்றது. கரடி என்பது அந்த நிறுவனத்தின் கள உத்தியோகத்தர், சம்மாந்துறைக்காரர், நடுத்தர வயது. தலை முதல் பாதம் வரை வெள்ளைப் பஞ்சு உடுப்பை மாட்டி, பிரதம அதிதியை வரவேற்க வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். பிரதம அதிதி நேரத்துக்கு வந்தால் அவர் பிரதம அதிதியா? கரடி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றது. பிறகு மெதுவாக முழங்காலில் இருந்தது. பிறகு மண்ணில் சரிந்தது.

நாங்கள் ஓடிப்போய்க் கரடியின் தலையைக் கழற்றினோம். மனிதரின் முகம் வெளிறிக் கிடந்தது. தெருவால் போன மீன் வியாபாரி ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பின்னால் கட்டியிருந்த பெட்டியைத் திறந்து, சூரை மீனுக்கு மேலே கிடந்த ஐஸை இரண்டு கையாலும் அள்ளினார்.

"கழுத்துல வைங்க. மீன் வாடை அடிக்கும், காரியமில்ல."

"கவனம் காக்கா, உடுப்புல ஊத்தை புடிக்கும். அதக் கொழும்புக்குத் திருப்பி அனுப்போணும்" என்று வியாபாரியிடம் அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சினார் இணைப்பாளர்.

மீன் வியாபாரி அவரை ஏறிட்டுப் பார்த்தார். "மனிசன் மௌத்தாப் போனா அவரையும் திருப்பி அனுப்புவீங்களா?"

கரடிக்குள் இருந்தவர் கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "பிரதம அதிதி வந்திட்டாரா?"

வந்துகொண்டுதான் இருந்தார். கரடிக்குத் திரும்பவும் தலையை மாட்டி, சுவரில் சாய்த்து வைத்து, வந்திறங்கிய பிரதம அதிதியோடு படம் எடுத்தார்கள்.

வளவாளரைப் பற்றி நான் பொய் சொல்லக் கூடாது. மனிதர் விஷயம் தெரிந்தவர். வடதுருவக் கடலில் உறைந்து கிடக்கும் பனிதான் கரடியின் வேட்டை நிலம், அதன் மேல் நின்றுதான் அது சீல்களைப் பிடிக்கும் என்றார். இப்போது பனி பிந்தி உறைகிறது, முந்தி உருகுகிறது. கரடி கரையில் பட்டினி கிடக்கிறது என்றார். திரையில் ஒரு தாய்க்கரடியைக் காட்டினார். தோல் தொங்கி, விலா எலும்பு தெரிய, குட்டிக்குப் பின்னால் நடந்தது. நான் அதைத் தமிழில் சொன்னேன். பெண்கள் பக்கத்தில், "அல்லாஹ், பாவம்" என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அந்த மண்டபத்தில் அன்று நடந்த உண்மையான காரியம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். எனக்குத் தெரிந்தவர், அவருடைய மகள் என்னிடம் படித்தவள். கணவர் இறந்த பிறகு கருவாடு போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர்.

"டீச்சர், இவருக்கிட்டக் கேளுங்க. அங்க உருகிற தண்ணி இஞ்ச வருதா, இல்லையா? வருதெண்டாச் சொல்லட்டும். எங்கட மையவாடிச் சுவர் போன மாரியில விழுந்திட்டு. முதலாம் வரிசைக் கபுறெல்லாம் கடலுக்குள்ள போயிட்டு. என்ட மனிசன் ரெண்டாம் வரிசையில கிடக்காரு. அவரத் தோண்டி எடுத்து வேற இடத்துல வைக்கோணுமா? வைக்கிறதெண்டா எப்ப?"

இணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரதம அதிதி போனைப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? "கடல் மட்டம் உயர்வதைப் பற்றி இந்தப் பெண்மணி அறிய விரும்புகிறார்" என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு விதவையின் கேள்வியைத் தோல் உரித்து, முள் எடுத்து, தட்டில் வைத்துக் கொடுத்தேன். கோட்டுப் போட்டவர்களின் முன்னால் கபுறைப் பற்றி, புதைத்த உடலைப் பற்றிக் கதைப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வளவாளர் மகிழ்ந்துபோய் ஒரு வரைபடம் காட்டினார்.

"நான் அதக் கேக்கல்லயே டீச்சர்" என்றார் அந்தப் பெண்.

"நேரமில்ல ராத்தா. பிறகு கதைப்பம்" என்றேன்.

அவர் உட்காரவில்லை. நடந்து வெளியே போய்விட்டார். சான்றிதழ் வழங்கும்போது அவருடைய பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார்கள்.

அடுத்த மாதம் செயலமர்வின் அறிக்கையைத் தமிழாக்கச் சொல்லி அனுப்பினார்கள். அதில் ஒரு வசனம்: "பங்குபற்றியோர் துருவப் பிரதேச விலங்குகள் மீது ஆழ்ந்த கரிசனை வெளிப்படுத்தினர்." அந்த வசனத்தை அழித்துவிட்டு, அந்தப் பெண் கேட்டதை அவர் கேட்டபடியே எழுதினேன். பிடிபட்டால் என்ன சொல்வதென்று இரண்டு கிழமை ஒத்திகை பார்த்தேன். வீண் பயம். தமிழ்ப் பிரதியை அங்கே ஒருவரும் வாசிக்கவில்லை. பளபளக்கும் தாளில் அப்படியே அச்சாகி வந்தது.

பெரிய வீரச்செயல் செய்ததுபோல ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பாயில் காயப்போட்ட கருவாட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் தானே வாசித்தார்.

"நான் கேட்டது சரியா இரிக்கி. பதில் எந்தப் பக்கத்துல?"

தெரிந்ததை மட்டும் சொன்னேன். கடலில் மிதக்கும் பனி உருகினால் கரடிக்குத்தான் நிலம் போகும், கடல் அவ்வளவாக ஏறாது. துருவத்தில் தரை மேல் கிடக்கும் பனி உருகி வருவதுதான் கடலை ஏற்றுகிறது; சூட்டில் கடல் தண்ணீரும் விரிந்து பொங்குகிறது. எங்கள் கரையில் ஓரிடத்தில் அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டினால் இன்னோரிடத்தில் மண் போகிறது, அது தனிக் கதை என்றேன். இதையெல்லாம் அன்றே சொல்லியிருக்கலாம் என்றும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "அந்தக் கரடி நல்லா மெலிஞ்சிட்டு. அது இப்ப உசிரோட இரிக்கா?" என்று கேட்டார்.

பிறகு அவரே பள்ளிவாசல் நிருவாகத்துக்குப் போனார். கபுறைத் தோண்டுவது மார்க்கத்தில் ஆகுமா என்று மார்க்கம் படித்த ஆலிம்களிடம் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்கச் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய் நின்றார். கடல் கொண்டுபோகும் என்ற அச்சம் இருந்தால் ஆகும் என்று பதில் வந்தது. மாரி தொடங்குவதற்கு முன்னால் இரண்டாம் வரிசை முழுவதையும் உள்பக்கக் காணிக்கு மாற்றினார்கள். ஆண்கள் உள்ளே தோண்டினார்கள். நாங்கள் பெண்கள் தெருவில் நின்றோம். வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சிறிய பொதி எங்களைக் கடந்து போனது. "ஆள் உயரமான மனிசன்" என்றார் அவர் என்னிடம்.

அந்த வருஷ மாரி கடுமையாகத்தான் வந்தது. அது ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தோம். இரண்டாம் வரிசை இருந்த இடத்தில் கடல் தண்ணீர் கிடந்தது, அதில் ஒரு தோணியைக் கட்டியிருந்தார்கள்.