லெமினேட் செய்த கிரிக்கெட் அட்டை

போன வருடம், கண்டியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாதத்தில் நடந்தது இது. நாங்கள் அம்பிட்டியவில் இருக்கிறோம். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளும், அக்குறணையிலிருந்து வரும் அவளுடைய தோழியும் அப்போது கிரிக்கெட் வீரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேர்த்துவந்தார்கள். இடைவேளையில் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதும் உண்டு.

ஒரு நாள் மகள் தன்னுடைய மினுங்கும் அட்டையைக் கொடுத்துவிட்டு, தோழியிடமிருந்து சாதாரணமாகத் தெரிந்த ஒன்றை வாங்கி வந்தாள். ஏமாந்துவிட்டாளோ என்று எனக்குச் சந்தேகம். காய்ச்சல் மருந்தைக்கூட இரண்டு தரம் அளந்து கொடுக்கிற ஆள் நான். உடனே இணையத்தில் தேடினேன். ஒரு வீரர் ஆட வந்த முதல் வருடத்தில் வெளியாகும் அட்டையை ‘ரூக்கி கார்ட்’ என்கிறார்கள். சேகரிப்பவர்கள் அதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வருடத்தைப் பார்க்க வேண்டும். மூலைகள் மழுங்காமல், வெள்ளை ஓரம் எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில், கீறல் இல்லாமல் இருந்தால் மதிப்பு ஏறும்.

எங்கள் கையிலிருந்த அட்டையில் எல்லாமே சரியாக இருந்தது. அதே அட்டை விற்ற பெரிய விலையை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். ஏமாந்தது என் மகள் அல்ல, அந்தப் பிள்ளை.

“சனிக்கிழமை கொண்டுபோய்க் குடுத்துருவோம்” என்றேன்.

“அவதாம்மா மாத்துவோம்னு கேட்டா. எனக்கும் இதுதான் புடிச்சிருக்கு” என்று மகள் அழுதாள். நான் இளகவில்லை.

சனிக்கிழமையும் மழை. கண்டி டவுனில் பஸ் மாறும்போது எனக்குப் பயம் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பிறர் பொருள் கெட்டுவிடுமே. எங்கள் வீட்டில் பிறப்புச் சான்றிதழிலிருந்து பரீட்சைப் பெறுபேறு வரை முக்கியமான எல்லாமே லெமினேட் செய்யப்பட்டுத்தான் இருக்கும். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பி எடுக்கும் கடை ஒன்று திறந்திருந்தது. அட்டை மெஷினுக்குள் போய், பளபளவென்று சுடச்சுட வெளியே வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்குறணையில் தோழியின் உம்மா எங்களை உட்காரவைத்து, விஷயத்தைக் கேட்டு, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மெல்பர்ன்ல இருந்து எங்கட தம்பி அனுப்பினது இது. ஒட்டவும் வேணாம், எழுதவும் வேணாம், லெமினேட் மட்டும் பண்ணிராதீங்க எண்டு சொல்லித்தான் அனுப்பினான். பண்ணினா சேர்க்கிறவங்க தொடவும் மாட்டாங்களாம்.”

வழியில் லெமினேட் செய்தது நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவரோ சிரிக்கத் தொடங்கினார்.

“பயப்படாதீங்க தங்கச்சி. நான் இவட பேர்த் சர்டிபிகேட்டையே லெமினேட் பண்ணிப்போட்டு ஒபிஸ்ல ஏச்சு வாங்கின ஆள்.”

தோழி ஓடிவந்தாள். “எனக்கு அது திரும்ப வேணாம் ஆன்டி. மாத்தினா மாத்தினதுதான். மினுங்குற கார்ட நான் அலுமாரியில ஒட்டிட்டேன்.”

உம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இம்முறை நானும் சேர்ந்து சிரித்தேன். தேத்தண்ணியும் தேங்காய்ப்பாலில் செய்த வட்டிலப்பமும் முடிந்து, அட்டையோடு திரும்பினோம்.

பஸ்ஸில் மகளிடம் கேட்டேன், இந்த அட்டையில் அப்படி என்னதான் பிடித்தது என்று. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“இவர் மூஞ்சியப் பாருங்கம்மா. புதுசா வெளையாட வந்து பயந்துபோய் நிக்கிறாரு. காலையில என்னைய ஸ்கூலுக்கு அனுப்புறப்ப நீங்களும் இப்படித்தான் இருப்பீங்க.”

அன்றுதான் அந்த முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். மூலை, ஓரம், வருடம் எல்லாம் பார்த்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. இப்போது அந்த அட்டை அவளுடைய மேசையில் சாய்ந்து நிற்கிறது. காலையில் அவளுக்குத் தலை பின்னும்போது அது கண்ணில் பட்டால், நானும் முகத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.