வசந்தகுமார் போட்ட மூணு எழுத்து

பிள்ளைப்பாக்கம் வசந்தகுமாருக்குக் கெட்ட பழக்கம் என்று எதுவும் கிடையாது. குடிக்க மாட்டான், சீட்டு ஆட மாட்டான். பொறாமை மட்டும் படுவான். அதை வஞ்சனையில்லாமல் படுவான்.

ஒரகடத்தில் காருக்கு ரப்பர் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கான்ட்ராக்ட்தான். பிரின்டர் மக்கர் பண்ணினாலும் சரி, நெட் படுத்துக்கொண்டாலும் சரி, வருஷக்கணக்காக அங்கே "வசந்தைக் கூப்பிடு" என்பதுதான் பேச்சு. ஜாஸ்மின் வந்தாள், அது "ஜாஸ்மினைக் கூப்பிடு" என்று மாறிப்போயிற்று. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற பெண். இவனை வாய் நிறைய "அண்ணா" என்பாள், மத்தியானம் தன் டப்பாவிலிருந்து மீன் வறுவல் எடுத்து வைப்பாள். அது வேறு இவன் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. கெட்டவளாக இருந்து தொலைத்தாலாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாமே!

"இன்னாய்யா, வூட்டுக்கு வந்தும் அந்தப் பொண்ணு பேச்சுதானா?" என்று அவன் பெண்டாட்டி செந்தாமரை கேலி பண்ணினாள். "கேக்கறவங்க வேற மாதிரி நெனச்சிக்கப் போறாங்க."

இந்த நேரம் பார்த்து ஐடி மேனேஜர் நரசிம்மன், "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை இந்த மாசம் பர்மனென்ட் பண்ணப்போறேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வசந்தகுமாருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கம்பெனியில் யார் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் அது ப்ராக்ஸி என்கிற ஒரு கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். ஒருவர் பார்த்த பக்கத்தை அது தன்னிடமே எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்டால் சட்டென்று கொடுக்கும். அந்தச் சேமிப்புக்குக் கேஷ் என்று பேர். வேண்டாத சைட்டாக இருந்தால் வாசலிலேயே மடக்கிவிடும். அதை ஓட வைத்தது ஜாஸ்மின். அதற்கு ஒரு கைதட்டல். ஷிப்ட் நடுவே ஆட்கள் ரம்மி ஆடுகிறார்கள் என்று புகார் வந்தபோது, ரம்மி சைட் ஒவ்வொன்றின் பேரையும் தேடிப் போட்டு மடக்கியதும் அவள்தான். அதற்கும் ஒரு கைதட்டல். வசந்தகுமாரும் கை தட்டினான், காதில் புகை வர வர.

ஆனால் ரம்மிக்காரன் லேசுப்பட்டவனா? புதுப்புதுப் பேரில் வந்துகொண்டே இருந்தான். கேன்டீன் ஓரத்தில் மறுபடி ஆட்டம் நடப்பது வசந்தகுமார் கண்ணில் பட்டது. "பெரிய்ய மேடம்! நான் காட்டுறேன் பாரு" என்று, அவள் வீட்டுக்குக் கிளம்பின பிறகு ப்ராக்ஸி முன்னால் உட்கார்ந்தான். அவள் போட்ட பேர்களையெல்லாம் தூக்கிவிட்டு, ரம்மியை எவன் எப்படி எழுதினாலும் வந்தே தீரும் இங்கிலீஷ் எழுத்து மூன்றை மட்டும் போட்டான். ஆர், யூ, எம். பேரில் எந்த இடத்தில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தாலும் சரி, அந்த சைட் திறக்காது. ரம்மியும் போச்சு, ரம் விற்கிறவனும் போச்சு. அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் காலையில் டெஸ்பாட்ச் லீலா அலறிக்கொண்டு வந்தாள். சரக்கு வாங்குகிற கார் கம்பெனியின் சைட் திறக்கவில்லை. அதில் பதிவு பண்ணாமல் லாரியை அவர்கள் கேட்டுக்குள் விட மாட்டார்கள். இங்கே லோடு ஏற்றிய லாரி கிளம்பாமல் நிற்கிறது.

"ஒரு சிஸ்டம்ல நேத்துப் பாத்த பக்கமே வருது, இன்னொண்ணுல ஒண்ணுமே வர்ல. பெருமாள் கோயில் சைட்டும் காலைலேர்ந்து வர்ல. இன்னிக்கு நேரமே சரியில்ல போ!"

பழைய பக்கம் என்று காதில் விழுந்ததும் வசந்தகுமாருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பழசைக் காட்டினால் கேஷ் கோளாறு. கேஷ் யார் வைத்தது? நரசிம்மனிடம் ஓடினான்.

"சார், சொல்றனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஜாஸ்மின் வச்ச கேஷ் கெட்டுப்போய்க் கீது. மொத்தமா அழிச்சாத்தான் சரியாவும்."

அழித்தார்கள். மற்ற சைட்டெல்லாம் நத்தையாக ஊர ஆரம்பித்தன, திறக்க வேண்டியது மட்டும் திறக்கவில்லை. நரசிம்மன், "என்னம்மா ஜாஸ்மின் இது?" என்று கடிந்தார். அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க வசந்தகுமாருக்கு, உள்ளதைச் சொன்னால், இனித்தது.

"அந்தப் பழைய பக்கம் அக்கா சிஸ்டத்துல இருக்கற பிரவுசர் தன்கிட்ட வச்சிருந்தது சார். கேஷ்ல தப்பில்ல" என்று அவள், எதை விட்டது எதை மடக்கியது என்று ப்ராக்ஸி எழுதி வைக்கிற பதிவைத் திறந்தாள். "பாருங்க, நம்ம ப்ராக்ஸியேதான் மடக்குது." லீலா பக்கம் திரும்பினாள். "அக்கா, பெருமாள் கோயில் சைட்டும் வர்லன்னீங்க இல்ல?"

கார் கம்பெனி சைட்டின் பேர் அவர்கள் பிளான்ட் இருக்கிற ஊர்ப் பேரில்தான் ஆரம்பிக்கும். ஸ்ரீபெரும்புதூர். ஜாஸ்மின் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "எஸ், ஆர், ஐ, பி, ஈ, ஆர், யூ, எம்..." நிறுத்தினாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சார், பெரும்புதூர் நடுவுல ரம் இருக்கு சார்! பெருமாள்லயும் இருக்கு. ரம்மின்னு நெனச்சு நம்ம ஊரையே மடக்கிட்டோம்."

வசந்தகுமார் எட்டிப் பார்த்துத் தானும் ஒரு தரம் எழுத்துக் கூட்டினான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று விலாசம் எழுதுகிறவன் அவன்.

மூன்று எழுத்தையும் எடுத்தார்கள். சைட் திறந்தது, லாரி கிளம்பிப் போனது.

"யார் போட்டது இதை?" என்றார் நரசிம்மன்.

ஜாஸ்மின் வசந்தகுமாரை ஒரு தரம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. "நாங்க ரெண்டு பேரும் சேந்து போட்டது சார். அண்ணாவோட ஐடியா நல்ல ஐடியாதான். நான்தான் சரியா பாக்காம விட்டுட்டேன்."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் பர்மனென்ட் இன்னும் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பாதிப் பழிதானே? ஆனால் அந்த "சேந்து" அவனைச் சுட்டுவிட்டது. ப்ராக்ஸி அவளுடையது, கைதட்டல் அவளுடையது, இப்போது நல்ல மனசுக்காரி என்கிற பேரும் அவளுக்கு. இவன் செய்த தப்பிலும் பாதியை அவளே எடுத்துக்கொள்வாளா?

"இன்னா சேந்து? யாரு சேந்து?" என்று கத்திவிட்டான். "சார், அது நான் போட்டது. நான் ஒருத்தனே போட்டது. இவளுக்கு அதுல ஒண்ணுமே கிடையாது!"

நரசிம்மன் அவனை நிதானமாகப் பார்த்தார். "சரிப்பா. உனக்கே இருக்கட்டும்" என்றார்.

மாசக் கடைசியில் பர்மனென்ட் ஆர்டர் ஜாஸ்மின் பேருக்கு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். வசந்தகுமாரும் தட்டினான்.